அம்மாவும் அமர்ந்து உண்ணட்டும்



மோட்சத்தைப் பற்றியும் ஆன்ம இரட்சணியத்தைப் பற்றியும் பேச வேண்டிய இந்தப் பக்கத்தில், இந்த வாரம் காலைச் சாப்பாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். ரொட்டிக்கும் சம்பலுக்கும் ஒரு பிரசங்கமா என்று கேட்பீர்கள். கேட்பது நியாயமே. ஆனால் சாவை வென்று உயிர்த்தெழுந்த ஆண்டவரே தம் சீடர்களின் காலைச் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார். அவர் கவலைப்பட்ட காரியத்தை அவருடைய மக்களாகிய நாம் எப்படிப் பேசாமல் விடுவது?

கரையில் மூட்டிய நெருப்பு

அருளப்பர் எழுதிய நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். இராயப்பரும் அவரோடு சேர்ந்து மொத்தம் ஏழு சீடர்களும் திபேரியாக் கடலில் மீன் பிடிக்கப் போகிறார்கள். இரவு முழுவதும் வலை வீசுகிறார்கள். ஒரு மீன்கூட அகப்படவில்லை. பொழுது விடிகிறது. கரையில் ஒருவர் நிற்கிறார். படகின் வலப்பக்கம் வலையை வீசச் சொல்கிறார். வீசுகிறார்கள். 153 பெரிய மீன்கள்!

இந்த 153 மீன்களைப் பற்றி நாம் எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். அதற்கு அடுத்து நடந்ததை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அவர்கள் கரையேறிப் பார்க்கும்போது அங்கே கரிநெருப்பு எரிந்துகொண்டிருக்கிறது. அதன்மேல் மீன் வெந்துகொண்டிருக்கிறது. அப்பமும் தயாராயிருக்கிறது. வந்து பசியாறும்படி ஆண்டவர் அவர்களை அழைக்கிறார். தாமே அப்பத்தை எடுத்துக் கொடுக்கிறார். மீனையும் எடுத்துக் கொடுக்கிறார்.

அன்பர்களே, இதில் மூன்று காரியங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, அடுப்பு மூட்டியவர் யார்? வானத்தையும் பூமியையும் படைத்தவரின் திருமகன். ஆணி பாய்ந்த அந்தக் கைகள்தான் கரியைக் கூட்டின. அந்தக் கைகள்தான் மீனைப் புரட்டின. சமையல் பெண்பிள்ளை வேலை என்று அவர் ஒதுங்கி நிற்கவில்லை.

இரண்டாவது, யாருக்காக மூட்டினார்? இரவெல்லாம் பாடுபட்டு, உடம்பு நனைந்து, கை ஓய்ந்து வந்த தொழிலாளிகளுக்காக. அவர்கள் உட்கார்ந்தார்கள், அவர் பரிமாறினார்.

மூன்றாவது, பேச்சு எப்போது தொடங்கியது? இராயப்பர் அவரை மூன்று முறை மறுதலித்தவர். கேட்க வேண்டிய கேள்வி ஆண்டவரிடம் இருந்தது. தம்மிடம் அன்பு உண்டா என்று இராயப்பரை மூன்று முறை கேட்கத்தான் போகிறார். ஆனால் அந்தக் கேள்வியைச் சாப்பாடு முடிந்த பிறகே கேட்டார் என்று அருளப்பர் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார். முதலில் பசியாற்றினார், பிறகுதான் கணக்குக் கேட்டார்.

நம் லயத்துக் காலை

இப்போது அந்தக் கடற்கரையை விட்டு ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்து மலைகளுக்கு வாருங்கள். இங்கேயும் பொழுது விடியும் முன்னே நெருப்பு மூட்டப்படுகிறது. மூட்டுகிறவள் அம்மா.

நாலு மணிக்கோ நாலரைக்கோ அவள் எழும்புகிறாள். வெளியே பனி கொட்டுகிறது. ஈர விறகை ஊதி ஊதி அடுப்பைப் பற்ற வைக்கிறாள். கோதுமை மாவைப் பிசைந்து ரொட்டி தட்டுகிறாள். தேங்காயும் மிளகாயும் இடித்துச் சம்பல் செய்கிறாள். தேங்காய் விலை ஏறிய நாளில் வெங்காயமும் மிளகாயும் மட்டும்தான். சாயம் ஊற்றுகிறாள். புருஷனுக்கு ஒரு பொட்டலம், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு ஒரு பொட்டலம் கட்டுகிறாள். சின்னப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிள்ளை மடுவத்துக்கு ஓடுகிறாள். அங்கிருந்து பிரட்டுக்களம், அங்கிருந்து மலை. இவ்வளவுக்கும் நடுவில் அவள் சாப்பிட்டது எப்போது? நின்றபடி ஒரு மிடறு தேத்தண்ணி. மிஞ்சினால் பாதி ரொட்டி. அதுவும் சில நாட்களில் சேலை முந்தானையில் முடிந்து மலைக்குப் போய், பத்து மணிக்கு மழையில் நனைந்தபடி தேயிலைச் செடியடியில்தான்.

"அம்மா, ஒங்களுக்கு?" என்று பிள்ளை கேட்டால், "எனக்குப் பசிக்கல, நீ தின்னு" என்பாள். அன்பர்களே, நம் வீடுகளில் தினமும் சொல்லப்படும் பொய் இதுதான். பொய் சொல்வது பாவம் என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். இந்தப் பொய்யின் பாவம் யார் தலையில் விழும் என்று யோசித்துப் பாருங்கள். சொல்கிற தாயின் தலையிலா, அதை நம்பியதுபோல் பாவனை செய்துகொண்டு தட்டைக் காலியாக்குகிற நம் தலையிலா?

இந்த ரொட்டிக்கும் ஒரு வரலாறு உண்டு. திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரைச் சீமைகளிலிருந்து கோப்பிக் காலத்திலும், 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்ட பிறகும் இங்கு வந்து சேர்ந்த நம் முன்னோர் சோறும் கூழும் குடித்து வளர்ந்தவர்கள். தோட்டத்தில் அரிசி கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் கப்பலில் வந்த கோதுமை மா அரிசியின் இடத்தைப் பிடித்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் நாட்டில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்ததை மூத்தவர்கள் மறக்கமாட்டார்கள். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மாவின் விலை எகிறியதை இளையவர்களும் மறந்திருக்கமாட்டார்கள். ஒவ்வொரு முறையும் வீட்டில் முதலில் குறைந்தது யாருடைய ரொட்டி? அம்மாவுடையது. விலை இறங்கிய பிறகு கடைசியாகத் திரும்பி வந்தது யாருடைய ரொட்டி? அதுவும் அம்மாவுடையதுதான்.

தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் 1984ஆம் ஆண்டில் வந்தது. அதற்கு முன் ஒரே நாள் வேலைக்குப் பெண்ணுக்குக் குறைந்த கூலி. துரைமார் புத்தகத்தில் கணக்குச் சமமாகி நாற்பது வருஷங்களுக்கு மேலாகிவிட்டது. நம் காம்பராவின் அடுப்படியில் அந்தக் கணக்கு இன்னும் சமமாகவில்லையே!

பூசைக்குப் பின் ஒரு பந்தி

கிழமையில் ஒரு காலை மட்டும் வேறுவிதமாக விடிகிறது. அது ஞாயிற்றுக்கிழமை.

இன்றைய இளைஞர்களுக்கு ஒரு பழைய செய்தி சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் நற்கருணை வாங்குகிறவர்கள் நள்ளிரவு தொடங்கி ஒன்றும் உண்ணக் கூடாது, ஒரு துளி தண்ணீரும் குடிக்கக் கூடாது. 1953இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் தண்ணீர் குடிக்கலாம் என்று தளர்த்தினார். 1957இல் அவரே உபவாசத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்தார். 1964இல் ஆறாம் சின்னப்பர் அதை ஒரு மணி நேரமாக்கினார். அதற்கு முந்திய நாட்களில் தோட்டத்திலிருந்து ஆலயத்துக்குக் கால்நடையாகவே வருவார்கள். வெறும் வயிற்றோடு மலை ஏறி இறங்கி, முழந்தாளிட்டுப் பூசை கண்டு, ஆண்டவரை நாவில் வாங்கிய பிறகுதான் அன்றைய முதல் உணவு. ஆகவே ஞாயிறு காலைச் சாப்பாடு பூசையின் வால்போலவே நீண்டு வந்தது. பலிபீடத்து விருந்து முடிந்ததும் கடைவீதி வாங்கில் அடுத்த விருந்து.

இன்றும் ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் பட்டணத்தைப் பாருங்கள். பூசை முடிந்து வருகிற குடும்பங்கள் சில, சாமான் வாங்குவதற்கு முன் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைகின்றன. பெரிய ஹோட்டல் அல்ல. நாலு மேசை, எட்டு வாங்கு, கண்ணாடிப் பெட்டிக்குள் உளுந்து வடையும் பணிசும். தட்டில் இடியப்பமும் சொதியும், அல்லது தோசையும் சம்பலும், அல்லது பருப்புக் கறியோடு பராட்டாவும் வந்து இறங்குகிறது. ஆவி பறக்கிற பால் தேத்தண்ணி. அப்பா, அம்மா, இரண்டு மூன்று பிள்ளைகள், சில வேளை ஒரு பாட்டியும். சிவனொளிபாதமலைப் பருவமாயிருந்தால், மார்கழிப் போயா முதல் வெசாக் வரை, பக்கத்து மேசையில் மலை ஏறி இறங்கிய யாத்திரிகர்களும் அமர்ந்திருப்பார்கள். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே குழம்புச் சட்டியிலிருந்து ஊற்றிச் சாப்பிடுவார்கள்.

அந்தக் குடும்பத்தில் அம்மாவின் முகத்தைப் பாருங்கள். அந்தக் கிழமையில் முதல் முறையாக அவள் உட்கார்ந்து காலைச் சாப்பாடு சாப்பிடுகிறாள். அவள் சுடாத தோசை. அவள் கழுவ வேண்டாத தட்டு. இன்னும் வேண்டுமா என்று அவளிடம் ஒருவன் வந்து கேட்கிறான். ஏழு நாளில் ஒரு தடவை கேட்கப்படும் கேள்வி! அவளுக்கு முதலில் கூச்சமாயிருக்கிறது. வேண்டாம் என்கிறாள். பிள்ளைகள் வற்புறுத்த, பிறகு இன்னொன்று வாங்கிக்கொள்கிறாள். வீட்டில் பசிக்கவில்லை என்று சொன்னவள் இவள்தான்.

இதைக் காணும்போது எனக்குத் திபேரியாக் கடற்கரைதான் நினைவுக்கு வருகிறது. பாடுபட்டவள் அமர்ந்திருக்கிறாள். வேறொருவர் பரிமாறுகிறார்.

கடல் கடந்த உறவு

இந்த வழக்கம் நம்முடையது மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். நம் தோட்டங்களிலிருந்து எத்தனையோ தாய்மார் வீட்டு வேலைக்காகக் குவைத்துக்கும் துபாய்க்கும் சவூதிக்கும் போயிருக்கிறார்கள். அங்கே இவர்களோடு வேலை செய்கிறவர்களில் பிலிப்பைன்ஸ் தேசத்துப் பெண்கள் பலர். நூற்றுக்கு ஏறக்குறைய எண்பது பேர் கத்தோலிக்கராயிருக்கும் நாடு அது. ஊர் திரும்பிய தாய்மாரைக் கேளுங்கள், அந்தச் சிநேகிதிகளின் சமையலைப் பற்றிச் சொல்வார்கள்.

முதல் நாள் இரவு மிஞ்சிய சோற்றைக் காலையில் உள்ளிப்பூண்டு போட்டு வதக்குவார்கள். அதற்குச் சினாங்காக் என்று பெயர். பக்கத்தில் ஒரு பொரித்த முட்டை. கூடவே துயோ என்னும் கருவாடு, அல்லது காசிருந்தால் தாப்பா என்னும் பதப்படுத்திய இறைச்சித் துண்டுகள். நாம் பழஞ்சோற்றில் தண்ணீர் ஊற்றி வெங்காயம் கடித்துக்கொள்கிறோம். அவர்கள் வதக்கிக் கருவாடு கடித்துக்கொள்கிறார்கள். நேற்றைய சோற்றை வீணாக்காத ஏழையின் புத்தி இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இந்தக் காலைச் சாப்பாட்டை வீதியோரச் சிறு கடைகளிலும் குடும்பமாக அமர்ந்து சாப்பிடுவார்கள். அப்படிப்பட்ட கடைக்குக் காரிண்டேரியா என்று பெயர். இந்தச் சொல்லின் வேர் நம்முடைய 'கறி' என்று சொல்வோர் உண்டு. அதற்கு இடமும் இருக்கிறது. 1762இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ஆங்கிலேயப் படை மணிலாவைப் பிடித்தது. அந்தப் படையில் சென்னைச் சீமைச் சிப்பாய்கள் இருந்தார்கள். 1764இல் ஆங்கிலேயர் வெளியேறியபோது, சிப்பாய்களில் சிலர் திரும்பிப் போகாமல் மணிலாவுக்கு அருகில் காயிந்தா என்ற ஊரில் தங்கி, அங்கேயே பெண் எடுத்துக் குடியேறிவிட்டார்கள். ஆகவே அந்த மேசையில் நமக்கும் ஒரு பழைய உறவு உண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

அங்கே கிறிஸ்து பிறப்புக்கு முன் டிசெம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாட்கள் விடியுமுன் பூசை நடக்கும். சிம்பாங் காபி என்று பெயர். வயலுக்குப் போகிற உழவர்கள் வேலைக்கு முன் பூசை காண வேண்டும் என்பதற்காகக் குருக்கள் அந்த இருட்டு நேரத்தைத் தெரிந்துகொண்டார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் காரணம். பிரட்டுக்கு முன் எழும்புகிற நமக்கு இந்த நேரத்தின் அருமை தெரியும்! பூசை முடிந்து வெளியே வந்தால் ஆலய வாசலில் வரிசையாகச் சிறு கடைகள். அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் சேர்த்து, வாழையிலையில் ஊற்றி, மேலும் கீழும் தணல் போட்டுச் சுடுகிற பிபிங்கா. இது நம் அப்பத்துக்குத் தங்கை. ஊதா நிற அரிசியை மூங்கில் குழலில் அவித்துத் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் தூவுகிற புட்டோ பும்போங். இது நம் குழல் பிட்டேதான். குடிக்க இஞ்சித் தேத்தண்ணி. தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள் எல்லோரும் குளிரில் ஒட்டி நின்று சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள். பூசையும் காலைச் சாப்பாடும் அவர்களுக்கு ஒரே கொண்டாட்டத்தின் இரண்டு பாதி.

ஆனால் இந்தச் சித்திரத்தில் ஒரு நிழலும் விழுகிறது. அந்த மேசையிலும் பல வீடுகளில் ஒரு இடம் வெறுமையாயிருக்கிறது. அந்த வீட்டு அம்மாவும் வெளிநாட்டில்தான் இருக்கிறாள். பிலிப்பைன்ஸ் தாயும் மலையகத் தாயும் ஒரே பட்டணத்தில், விடியற்காலையில் எழும்பி, யாரோ ஒருவருடைய பிள்ளைக்குக் காலைச் சாப்பாடு ஊட்டுகிறார்கள். தங்கள் பிள்ளை சாப்பிட்டதா என்று தொலைபேசியில் கேட்கிறார்கள். தாயைப் பிரிந்த பிள்ளைகள் நம் பங்குகளில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். ஒரு தாய் தன் பிள்ளைகளோடு ஒரே மேசையில் அமர்ந்து காலைச் சாப்பாடு சாப்பிடுவது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பதை அந்த வெற்றிடம் நமக்குச் சொல்கிறது.

சின்னப்பர் கண்டித்த குற்றம்

அர்ச். சின்னப்பர் கொரிந்து நகரத்துச் சபைக்கு எழுதிய முதல் திருமுகத்தில், 11ஆம் அதிகாரத்தில், ஒரு குற்றத்தைக் கடுமையாகக் கண்டிக்கிறார். அங்கே கிறிஸ்தவர்கள் ஆண்டவரின் விருந்துக்குக் கூடுவார்கள். முந்தி வந்தவர்கள் தங்கள் பங்கை முந்திச் சாப்பிட்டுவிடுவார்கள். வேலை முடிந்து பிந்தி வருகிற ஏழைகள் பசியோடு நிற்பார்கள். சிலர் வயிறு புடைக்கத் தின்று குடித்திருக்க, சிலருக்கு ஒன்றுமில்லை. இப்படிக் கூடுவது ஆண்டவரின் விருந்தே அல்ல என்று சின்னப்பர் தீர்த்துச் சொல்கிறார். சாப்பிடக் கூடும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறார். நாம் இன்று பூசையில் நினைவுகூரும் நற்கருணை நிறுவப்பட்ட வரலாற்றை அவர் எழுதியது இந்தக் கண்டனத்தின் நடுவில்தான்.

கவனியுங்கள், அன்பர்களே. நற்கருணையைப் பற்றிய போதனை ஒரு சாப்பாட்டுத் தகராற்றின் நடுவே பிறந்திருக்கிறது. ஆகவே வீட்டுப் பந்தி வேறு, பலிபீடத்துப் பந்தி வேறு என்று பிரித்துப் பேச நமக்கு அதிகாரமில்லை. கோயிலில் ஒரே அப்பத்தைப் பகிர்ந்துகொண்டு, வீட்டில் ஒருத்தியைக் கடைசியாக மிச்சம் வழித்துத் தின்னவிட்டால், கொரிந்தியருக்குச் சொன்ன வார்த்தை நமக்கும் பொருந்தும்.

கடை வாங்குக்கும் இதே நீதிதான். இந்த நாட்டில் சாதியின் பேரால் சாப்பாட்டுக் கடைகளிலும் தேத்தண்ணிக் கடைகளிலும் மனிதரை வாசலில் நிறுத்திய காலம் இருந்தது. தனிக் குவளை வைத்த காலம் இருந்தது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. சட்டம் வந்த பிறகும் யாழ்ப்பாணத்தில் தேத்தண்ணிக் கடைக்குள் நுழைந்து உட்காருவதற்கே மக்கள் போராட வேண்டியிருந்தது. ஒரு ஏழைக் குடும்பம் கடைக்குள் வந்து, மேசையருகே அமர்ந்து, மற்றவர் குடித்த அதே கோப்பையில் தேத்தண்ணி குடிப்பது அற்பக் காரியமன்று. அது போராடிப் பெற்ற உரிமை. பாவிகளோடும் ஆயக்காரரோடும் ஒரே பந்தியில் அமர்ந்ததற்காகப் பழி கேட்டவர் நம் ஆண்டவர் என்பதை மறக்கலாகாது.

காசு எங்கே, சுவாமி?

இங்கே ஒரு குடும்பத் தலைவர் குறுக்கிடுகிறார்: "சுவாமி, பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. அஞ்சு பேர் கடையில சாப்பிட்டா என்ன காசு ஆகும் தெரியுமா?"

நியாயமான கேள்வி. நாட்சம்பளம் 1000 ரூபா ஆவதற்கே எத்தனை வருஷப் போராட்டம். 2021இல் அது வர்த்தமானியில் வந்ததும், அதைப் பெறுவதற்கு இத்தனை கிலோ கொழுந்து என்ற கணக்கும் வந்தது. அதற்குப் பிறகு சம்பளம் கூடியிருக்கிறது. சாமான் விலையும் கூடியிருக்கிறது. கடையில் சாப்பிடுவதைக் கட்டாயமாக்க நான் இங்கே வரவில்லை. கடன் வாங்கித் தோசை தின்னச் சொல்லவும் இல்லை. ஆனால் ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். சம்பள நாளன்று சாராயக் கடையில் விடுகிற காசில், மாதத்தில் எத்தனை காலைப் பந்திகள் அடங்கும்? அங்கே நீங்கள் ஒருவர் குடிக்கிறீர்கள். இங்கே ஐந்து பேர் உண்கிறார்கள். அங்கிருந்து வீடு திரும்பினால் சண்டை. இங்கிருந்து திரும்பினால் சிரிப்பு. எது மலிவு என்று நீங்களே சொல்லுங்கள்.

இதில் விளையாட்டாகப் பேச முடியாத ஒரு பக்கமும் உண்டு. 2016ஆம் ஆண்டு எடுத்த குடிசன, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, நாடு முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்குப் பதினேழு பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டப்புறத்தில் மட்டும் எடுத்தால் நூற்றுக்கு ஏறக்குறைய முப்பத்திரண்டு பேர். தாய் இளைத்தால் கருவிலிருக்கும் பிள்ளையும் இளைக்கும். 1973ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் திரிபோஷா மாவைக் கர்ப்பிணித் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுத்து வருவது இதற்காகத்தான். அந்தப் பைக்கற்றையும் வீட்டில் எல்லோருக்கும் உருண்டை பிடித்துக் கொடுத்துவிட்டு, தாய் வெறும் கையோடு நிற்கிறாள். மருத்துவமாது இன்னொன்றும் சொல்வாள்: சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கிற தேத்தண்ணியின் சாயம், உணவிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். ஆகவே சோகை பிடித்த தாய்மார் முதலில் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் தேத்தண்ணி குடிப்பது நல்லது. வெறும் தேத்தண்ணியையே காலைச் சாப்பாடாக்குவது ஆகாது.

ஜைருஸ் என்பவரின் பன்னிரண்டு வயது மகளை ஆண்டவர் சாவிலிருந்து எழுப்பினாரே, அப்போது பெற்றோருக்கு அவர் சொன்ன அடுத்த காரியம் என்ன? அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்க வேண்டும் என்பதே. உயிர் கொடுப்பது அவர் வேலை. உணவு கொடுப்பதைப் பெற்றோரிடம் விட்டார். அதுவும் ஒரு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளைக்கு இரண்டு ரொட்டியும் பெண்பிள்ளைக்கு ஒன்றும் வைக்கிற வீடுகள் இதைக் குறித்துக்கொள்ளட்டும். இன்று தங்கைக்கு ஒன்று போதும் என்று பழக்கினால், நாளை அவளும் இன்னொரு வீட்டின் அடுப்படியில் நின்றுகொண்டு பசிக்கவில்லை என்று சொல்லுவாள்.

செய்ய வேண்டியவை

ஆகவே அன்பர்களே, கேட்டுவிட்டு மறந்துபோகாமலிருக்கச் சில காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

கணவன்மாரே, கிழமையில் ஒரு நாளாவது நீங்கள் முந்தி எழும்பி அடுப்பை மூட்டுங்கள். தேத்தண்ணி ஊற்றத் தெரியாத ஆண்மகன் மலையகத்தில் இல்லை. உயிர்த்த ஆண்டவர் செய்த வேலையைச் செய்வதில் உங்களுக்கு ஒரு குறையும் வந்துவிடாது. லயத்தில் நாலு பேர் சிரித்தால் சிரிக்கட்டும். அடுத்த கிழமை அவர்கள் வீட்டிலும் அவரவர் மனைவி கேள்வி கேட்பாள்!

பிள்ளைகளே, ஞாயிற்றுக்கிழமையிலாவது அம்மா உட்காரும் வரை தட்டில் கை வைக்காதீர்கள். செபம் சொல்லிவிட்டு அவளைப் பாருங்கள். அவள் முதல் வாய் எடுத்த பிறகு நீங்கள் எடுங்கள். ஒருவருக்காக ஒருவர் காத்திருப்பது அப்போஸ்தலரின் கட்டளை.

முடிந்த குடும்பங்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து, வீட்டிலுள்ள எல்லோருமாகப் பட்டணத்தில் ஒரு எளிய கடையில் பசியாறுங்கள். என்ன வேண்டும் என்று முதலில் அம்மாவைக் கேளுங்கள். வாழ்நாள் முழுவதும் மற்றவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று நினைத்தே சமைத்தவளுக்குத் தனக்கு என்ன பிடிக்கும் என்பதே மறந்து போயிருக்கலாம். அவள் யோசிக்கட்டும். அவசரப்படுத்த வேண்டாம். வசதியில்லாதவர்கள் வீட்டிலேயே அப்படி ஒரு பந்தி வையுங்கள். ரொட்டியும் சம்பலும் போதும். அவள் அமர்ந்திருக்க, மற்றவர்கள் பரிமாறினால் அதுவே விருந்து.

கடை முதலாளிமாரே, தோட்டத்திலிருந்து வருகிற குடும்பம் உங்கள் வாசலில் தயங்கி நின்றால் உள்ளே அழையுங்கள். சேலையில் கொழுந்துக் கறையும் காலில் ரப்பர் செருப்பும் இருந்தால் என்ன? உங்கள் கடையில் ஊற்றுகிற தேத்தண்ணி அந்தக் கைகள் பறித்த கொழுந்தல்லவா?

தோட்ட நிர்வாகத்தில் உள்ளவர்களே, கொழுந்து கூடிய காலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்கு ஆள் கேட்கிறீர்கள். பிழைப்புக்காக அவர்கள் வருவார்கள். ஆனால் தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்ந்து கிடைக்கிற ஒரே காலைப் பொழுது அது என்பதை நினைத்து நேரத்தை ஒழுங்கு செய்யுங்கள்.

லூக்காஸ் எழுதிய நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் ஒரு அதிசயமான வாக்குறுதி தருகிறார். தலைவன் வரும்போது விழித்திருக்கிற ஊழியரை அவன் பந்தியில் அமர்த்துவானாம்; தானே இடையைக் கட்டிக்கொண்டு, சுற்றி வந்து, அவர்களுக்குப் பணிவிடை செய்வானாம். மோட்சம் எப்படியிருக்கும் என்று கேட்கிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான விடை கிடையாது. விடியுமுன் விழித்து எழுந்து, நின்றபடியே வாழ்ந்து, கடைசியாக உண்ட நம் தாய்மார் அங்கே அமர்ந்திருப்பார்கள். ஆண்டவர் தாமே அவர்களுக்குப் பரிமாறுவார். அன்றைக்கு நாம் எந்த முகத்தோடு அந்தப் பந்திக்குள் நுழைவது? இங்கே அவளுக்கு ஒரு தரமேனும் பரிமாறிய கையோடு நுழைவோமாக.

வருகிற ஞாயிறு உங்கள் வீட்டுக் காலைப் பந்தியை ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக.